படம் ஊருக்கு... கடி மலைக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை. கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் சாலை. கோமுகி அணையைத் தாண்டியதும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஓரம் கட்டி நிற்கின்றன. தடுப்புச் சுவர் மேல் குரங்குக் கூட்டம். எதிரே செல்போன் கூட்டம்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட போடா... சிரிக்குது பாரு!"

குரங்கு சிரிக்கவில்லை. பயந்து போய்ப் பல்லைக் காட்டுகிறது. வாயைப் பிளந்து முறைத்தால் அது பயம் இல்லை, மிரட்டல். கண்ணுக்குக் கண் பார்ப்பது என்பதே குரங்குக் கூட்டத்தில் சண்டைக்கு இழுக்கிற காரியம். முகத்துக்கு நேரே ஓர் ஆள் வந்து நின்று, செல்போனை நீட்டி, கண்கொட்டாமல் பார்த்தால் அது என்ன நினைக்கும்? அதுவும் வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்க் குரங்கு!

கடித்துவிட்டால் படம் எடுத்தவர் பாடு திண்டாட்டம்தான். காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. முதல் நாள் ஊசி, 3-ம் நாள் ஊசி, 7-ம் நாள் ஊசி, 28-ம் நாள் ஊசி. ஆபீசில் லீவு கேட்கும்போது "என்னய்யா ஆச்சு?" என்று மானேஜர் கேட்டால் என்ன பதில் சொல்வது? "குரங்கோடு செல்பி சார்" என்றா?

குற்றம் பாதி செல்போன் மீதும் இருக்கிறது. அதன் கேமரா கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் இருபது பேரையும் ஒரே படத்தில் அடக்கத் தோதானது. அகலமாகப் பார்க்கும். முப்பது அடி தூரத்துக் குரங்கு அதில் புளியங்கொட்டை அளவுதான் தெரியும். "படம் சரியா விழலியே" என்று ஆள் இரண்டு எட்டு முன்னால் வைக்கிறார். மறுபடியும் இரண்டு எட்டு. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற விலங்கு செல்போனில் சின்னதாகத் தெரிகிறதே என்றுதான் ஒவ்வொரு எட்டும்.

செல்பி அதைவிட மோசம். காட்டு விலங்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இளிப்பது! அப்பாவி ஆடு மாட்டிடம்கூட விவரம் தெரிந்த ஆள் அப்படி நிற்க மாட்டார்.

சென்னையில் மா.கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றவர். 1996-ல் காலமானார். காட்டு விலங்குகளைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்தே பேர் வாங்கியவர். பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்தார். அவர் படத்தில் யானை இருக்கும். யானைக்கு முன்னால் இளித்துக்கொண்டு கிருஷ்ணன் இருக்க மாட்டார்.

குரங்கு கடித்தால் ஊசியோடு போகும். கரடி அப்படி இல்லை. கல்வராயன் மலையில் கரடி உண்டு. கண் பார்வை மட்டு; மோப்பம் பலம். கரையான் புற்றைத் தோண்டுகிற மும்முரத்தில் ஆள் வருவதே தெரியாது. கிட்டத்தில் திடீரென்று பார்த்தால் ஓடுவதைவிடப் பாய்வதே அதிகம். பாய்ந்தால் முகத்தைத்தான் கிழிக்கும். முதுகில் குட்டியைச் சுமக்கிற தாய்க் கரடி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒடிசாவில் நவரங்பூர் மாவட்டத்தில் 2018 மே மாதம் நடந்தது இது. கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய டிரைவர் ஒருவர் வழியில் வண்டியை நிறுத்தினார். அடிபட்ட கரடி ஒன்று கண்ணில் பட்டது. வண்டியில் இருந்தவர்கள் "வேண்டாம், வேண்டாம்" என்று தடுத்தும் செல்பி எடுக்கப் போனார். அங்கேயே பிணமானார்.

அனுபவசாலிக்கும் ஆபத்து உண்டு. 2024 மே மாதம் கேரளாவில் பாலக்காடு அருகே ஆற்றைக் கடந்த யானைகளைப் படம் பிடித்த தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் யானை தாக்கி இறந்தார். அது அவர் தொழில். பிழைப்புக்காகப் போனவர். பொழுதுபோக்குக்குப் போகிறவர் ஏன் அந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

தர்மபுரி பக்கம் 2023 மே மாதம் ஒரு கூத்து. ஒகேனக்கல் சாலையில் ஒற்றை யானை முன்னால் போய் நின்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். கூட வந்தவர்கள் அதை வீடியோ எடுத்தார்கள். யானை பெருந்தன்மையாகப் பின்வாங்கியது. வனத்துறை விடவில்லை. 10 ஆயிரம் ரூபாய் அபராதம். 2025 ஆகஸ்டில் கர்நாடகாவின் பந்திப்பூரில் யானையைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்தவரை அது துரத்தி மிதித்தது. உயிர் தப்பியவருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதம். "அடிபட்டவனுக்கே அபராதமா?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. போடத்தான் வேண்டும். ஏன் என்றால், யானையை உசுப்பிவிட்டவர் ஊருக்குப் போய்விடுகிறார். அந்தச் சாலையில் மறுநாளும் போகிறவர்கள் வேறு ஆட்கள்.

கல்வராயன் மலையிலும் அதே கதைதான். ஞாயிறு மாலை மோட்டார் சைக்கிள்கள் சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று இறங்கிவிடும். பிஸ்கட்டும் வாழைப்பழமும் காட்டிப் பக்கத்தில் இழுத்துப் படம் எடுத்த குரங்கு எங்கே போகும்? மனிதன் என்றால் தீனி என்று அதற்குப் பாடம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை மலைவாழ் மக்களின் வீட்டுக்குள் நுழைகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பையைப் பிடுங்குகிறது. கடுக்காய் பொறுக்கவும் தேன் எடுக்கவும் காட்டுக்குள் போகிறவர்கள், சீண்டிவிட்ட கரடியின் எதிரே போய் மாட்டுகிறார்கள். படம் எடுத்தவருக்கு "லைக்". இவர்களுக்குத் தையல்!

அப்படியானால் எவ்வளவு தூரம்? அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்ற காட்டுப் பூங்காவில் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். கரடி, ஓநாய்க்கு 100 கஜம், அதாவது 300 அடி. மற்ற பெரும்பாலானவைக்கு 75 அடி. கல்வராயன் மலைக்கு டேப் எடுத்துப் போக வேண்டியதில்லை. கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கலாம். விலங்கு விரலுக்குள் மறைந்தால் சரி. மறையவில்லை என்றால் பின்னால் போக வேண்டும். மேய்கிற விலங்கு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டால் விரல் கணக்கும் வேண்டாம். கிட்டப் போய்விட்டதாகவே அர்த்தம்.

காரில் போனால் காருக்குள் இருந்தே எடுக்கலாம். குட்டியோடு இருந்தால் எடுக்காமலே போகலாம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் இறங்குவது குற்றம் என்பது தனி விஷயம்.

கடைக்காரர்களும் ஒன்று செய்யலாம். மலைப்பாதையில் பழச் சீப்பும் பொரிப் பாக்கெட்டும் யாருக்காக விற்கிறது என்பது அவர்களுக்கே தெரியும். "குரங்குக்குன்னா இல்லீங்க. நீங்க சாப்பிடறதுன்னா தர்றேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வியாபாரம் நாலு பாக்கெட் குறையும். கடை வாசலில் தொங்கும் வாழைத்தாரைக் குரங்கு இழுத்துக்கொண்டு ஓடுவதும் குறையும்.