கண்ணிடம் என்ன கேட்கலாம்?

முழுநிலவு வெண்மையாகத் தெரிகிறதல்லவா? உண்மையில் நிலவின் பரப்பு தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 12 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. கிட்டத்தட்ட பழைய தார்ச்சாலையின் நிறம்தான்! சுற்றிலும் வானம் கறுத்திருப்பதால் அது வெளுப்பாகத் தோன்றுகிறது.

இதைக் காட்டி, ‘கண் பொய் சொல்லும்’ என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கண் அக்கம்பக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் உறுப்பு. அதனால்தான் வெயிலிலும் விளக்கொளியிலும் புத்தகத்தின் எழுத்து கறுப்பாகவே தெரிகிறது.

‘எவ்வளவு ஒளி?’ என்று கேட்டால் கண் தடுமாறும். ‘அடுத்தடுத்துள்ள இவ்விரண்டும் சமமா?’ என்று கேட்டால், நல்ல வெளிச்சத்தில் ஓரிரு சதவீத வேறுபாட்டையும் கண்டுபிடித்துவிடும். புன்சனின் எண்ணெய்ப்பொட்டு ஒளிமானி இத்திறமையை நம்பியே அமைந்தது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் ஒளியைச் சமமாக்கக் கண்ணைப் பயன்படுத்துங்கள். தூரத்தை அளக்க அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.