பின்னால் வந்து சேர்பவர்

டாங்கோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது திரைப்படங்கள் பதித்துவிட்ட பிம்பம்தான். 1921-இல் வெளிவந்த மௌனப்படமொன்றில் ருடால்ஃப் வாலன்டினோ ஆடிய காட்சி தொடங்கி, ஆண் ஆணையிடுபவன், பெண் வளைந்துகொடுப்பவள் என்ற சித்திரம் நிலைத்துவிட்டது. ஆனால் கேமராவுக்கும் மேடைக்கும் அமைக்கப்பட்ட ஆட்டம் வேறு. புவெனஸ் ஐரிஸ் நகரின் மிலோங்கா எனப்படும் நடனக்கூடங்களில் இரவுதோறும் ஆடப்படுவது வேறு. அங்கே ஒத்திகை கிடையாது. முன்பின் பழக்கமில்லாத இருவரும்கூட, தொலைவிலிருந்து கண்ணால் வினவி, தலையசைப்பால் உடன்பட்டு, மூன்று நான்கு பாடல்கள் கொண்ட ஒரு 'தாண்டா' முடியும்வரை சேர்ந்து ஆடுவார்கள். அடுத்த அடி என்ன என்பது இருவருக்குமே முன்கூட்டித் தெரியாது.

மரபுப்படி ஆண் நடத்துகிறான், பெண் தொடர்கிறாள். இதைக் கொண்டே இந்நடனத்தை ஆணாதிக்கத்தின் உருவகம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டை நாம் பாதிதான் ஏற்கிறோம். காரணம், நடத்துதல் என்பது உடலில் எப்படி நிகழ்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை.

நடத்துபவருக்குக் கையால் தள்ளவோ இழுக்கவோ உரிமையில்லை; குறிப்பு நெஞ்சிலிருந்து வரவேண்டும். அதைத் தருவதற்கு முன், தொடர்பவரின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று அவர் அறிந்திருக்க வேண்டும். நின்ற காலை நகர்த்தச் சொல்வதைவிடப் பெரிய பிழை இதில் இல்லை. நெஞ்சு மெல்ல முன்னகர்கிறது. தொடர்பவர் தம் காலை இடுப்பிலிருந்து பின்னோக்கி நீட்டுகிறார். அந்தக் கால் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு நிதானமாக ஊன்றும் என்பது அவர் கையில். ஊன்றி எடை மாறும்வரை நடத்துபவர் காத்திருந்து, அதன்பின் அவ்விடத்துக்குத் தாமும் போகிறார். அழைத்தவர் பின்னால் வந்து சேர்கிறார். ஸ்பானிய மொழியில் இதை 'மார்கா' என்கிறார்கள். குறியிடுதல் என்று பொருள். ஆணை என்ற தொனி அச்சொல்லில் இல்லை.

தொடர்பவர் தம் முதுகுப்புறம் பார்க்க முடியாமல், பலசமயம் கண்களை மூடிக்கொண்டு நடக்கிறார். எனவே கூடத்தில் இடஞ்சுழியாகச் சுற்றிவரும் வரிசையில் முன்னால் ஆடும் இணை நின்றால், நடத்துபவரும் நின்றாக வேண்டும். அவர் வரிசையைத் தொடர்கிறார், இசையைத் தொடர்கிறார், எதிரிலிருப்பவரின் மூச்சையும் தொடர்கிறார்.

அதிகாரம் இல்லவே இல்லை என்று நாம் வாதிடவில்லை. பழைய மிலோங்காக்களில் ஒரு பெண், அதிலும் வயது முதிர்ந்தவர், அழைப்பின்றி இரவு முழுக்க நாற்காலியில் அமர்ந்திருக்க நேர்வதுண்டு. கண்டிக்க வேண்டியது அதைத்தான். இன்னொன்று, வகுப்பறை. 'அவர் சரியாகத் தொடர்வதில்லை' என்ற முறையீட்டை, பெரும்பாலும் கைகளால் திருகிக்கொண்டிருக்கும் ஆணிடமிருந்தே கேட்கிறோம். இருவர் தடுமாறினால் பழி எப்போதும் பெண்மேல் விழுகிறது. விளைவாக, குறிப்பு வருமுன்பே வழக்கமான அடியை ஊகித்துப் போட்டுவிடப் பெண்கள் பழகிக்கொள்கிறார்கள். இடக்காலை வலக்காலின் முன் குறுக்கிட்டு நிறுத்தும் 'குரூஸெ'யைக் கேளாமலேயே செய்பவர்கள் ஏராளம். அங்கே உரையாடல் முடிந்துபோகிறது.

1940-களில் இளைஞர்கள் ஆண்கள் மட்டுமே கூடும் பயிற்சி இடங்களில் ஒருவரோடொருவர் ஆடிப் பழகினார்கள் என்றும், முதலில் தொடர்பவராக நெடுநாள் ஆடிய பிறகே நடத்தத் தொடங்கினார்கள் என்றும் முதிய ஆட்டக்காரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பெண்களுக்குத் தடையிருந்த காலத்தின் பக்கவிளைவு அது. அந்தத் தடையை யாரும் விரும்பப்போவதில்லை. ஆனால் அந்தப் பாடவரிசையை மட்டும் மீட்டெடுக்கலாம். இருபாலரும் இரு பங்கையும் ஆடுவது இன்று பல நகரங்களில் வியப்புக்குரியதல்ல. நடத்த விரும்பும் எவரும் முதல் சில மாதங்கள் கண்ணை மூடிப் பின்னோக்கி நடக்கட்டும். இத்தனை தாமதமானால் மாணவர்கள் வகுப்பை விட்டுப் போய்விடுவார்கள் என்று ஆசிரியர்கள் அஞ்சக்கூடும். சிலர் போகட்டுமே.