குடிப்பவனை மட்டும் திருத்தினால் போதுமா?

தோட்டத்துத் தொழிலாளி ஒருவன் குடித்துவிட்டுக் கிடந்தால் அவனுக்குப் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கோவில் திருவிழாவுக்கு வரும் பேச்சாளர் சொல்கிறார்; ஆபீஸ் கிராணியார் சொல்கிறார்; பள்ளி ஆசிரியர் சொல்கிறார். கேட்கிறவர்களும் பணிவாகத் தலையாட்டுகிறார்கள். சம்பள நாள் வருகிறது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் நாலு பேரைக் காணோம். உடனே, "இவர்களைத் திருத்த முடியாது, தமிழன் என்றாலே குடிகாரன்" என்ற பேச்சு எழுகிறது. இதைப் பிறர் சொன்னால் நமக்கு ரோஷம் வருகிறது. நம்மவரே சொல்லும்போது வருவதில்லை.

இந்தப் பேச்சைத்தான் நாம் இன்று கொஞ்சம் நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம். குடி நல்லதென்று வாதாட வரவில்லை. குடியால் நாசமான குடும்பங்களை இப்பத்திரிகையைப் படிக்கும் ஒவ்வொருவரும் அறிவர். ஆனால் ஒரு மனிதன் எப்படி நடக்கிறான் என்பதை அவன் மனவுறுதி ஒன்றே தீர்மானிக்கிறதா? அல்லது அவன் குடியிருக்கும் லயத்துக்கும், அவன் வேலை முடியும் நேரத்துக்கும், அவனைச் சுற்றியுள்ள கூட்டத்துக்கும் அதில் பங்குண்டா? பங்குண்டு, அதுவும் பெரிய பங்கு என்பது நமது கருத்து.

பழைய தோட்டத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். பொழுது விடியுமுன் பெரட்டு. பிறகு உளியும் வாளியுமாக நிரைக்குப் போய், மரம் வெட்டி, பால் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் பிற்பகல். அதன் பிறகு இரவு வரைக்கும் ஒரு ஆண்பிள்ளைக்குப் போக்கிடம் எங்கே? லயத்து அறையில் மனைவி மக்களே நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். பட்டணமோ மைல்கணக்கான தூரம். தலைக்கு மேல் கூரையும், பேச நாலு பேரும், உட்கார ஒரு பலகையும் இருந்த இடம் ஒன்றே ஒன்று. அதுதான் கள்ளுக்கடை. அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்தது. தோட்ட நிர்வாகம் நடத்தியது. திருட்டுச் சாராயத்துக்குப் போகாமல் தடுப்பதற்காகவே கள் என்று நியாயமும் சொன்னார்கள். தொழிலாளியிடம் ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் வாங்கிக்கொண்டு, இலாபத்தில் கொஞ்சத்தைத் திருவிழாவுக்கும் பந்தாட்டத்துக்கும் தானம் செய்ததும் உண்டு. அதே நேரத்தில் துரைமார் தங்கள் கிளப்பில் அமர்ந்து விஸ்கி அருந்தினார்கள். அதைப் பார்த்து, "வெள்ளைக்காரன் என்றாலே குடிகாரன்" என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை!

இந்த உண்மையை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதனைப் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும் நோய்க்கு நல்ல வைத்தியமும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் இழிவு வேண்டாம் என்றார்கள். அதே பட்டியலில், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். குடிக்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் அல்லவா? கடை எதிரே இருக்கும்வரை தங்களால் தாண்டிப் போக முடியாது என்பதை உணர்ந்தவன்தான் அப்படிக் கேட்பான். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, சுட்டது, தொழிலாளர் மாண்டனர்.

யுத்தத்துக்குப் பின் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1946, 47-ஆம் ஆண்டுகளில் ஏ. எம். சாமி முதலானோர் நடத்திய அந்தப் படையின் இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்தவர்களைத் தண்டித்ததும் உண்டு. அந்த முறை நமக்கு உடன்பாடானதன்று. ஆனால் அவர்கள் செய்த மற்றொரு காரியத்தைக் கவனியுங்கள். வெட்டிப் பொழுதில் கிடந்த இளைஞனுக்கு ஒரு சீருடை, ஓர் அணிவகுப்பு, தோழர்கள், ஒரு மதிப்பு ஆகியவற்றைக் கொடுத்தார்கள். மாலையில் போவதற்கு வேறோர் இடம் கிடைத்தது. அரசாங்கம் அதைக் கலகம் என்று பார்த்து ஒடுக்கியது.

இடம் மாறினால் பழக்கம் மாறும் என்பதற்கு நம் வரலாறு மட்டுமல்ல, பிறர் வரலாறும் சான்று தருகிறது. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் அங்கே மலிவாகக் கிடைத்த ஹெராயின் என்னும் கொடிய போதைப்பொருளில் வீழ்ந்தனர். இத்தனை ஆயிரம் அடிமைகள் நாடு திரும்பினால் கதி என்னாகும் என்று 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கமே கதிகலங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அம்மையார், அவ்வாண்டு செப்டம்பரில் திரும்பிய சிப்பாய்களில் ஏறத்தாழ 900 பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தார். ஐந்து பேருக்கு ஒருவர், வியட்நாமில் தாம் அடிமையாகவே இருந்ததாக ஒப்புக்கொண்டார். ஆனால் அப்படி அடிமையாயிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். மூன்றாண்டுக் கணக்கு எடுத்தபோதும் நூற்றுக்கு 12 பேர். பெரும்பாலோர் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை.

காரணம் என்ன? சாவு பயமும், சலிப்பும், கூட இருந்து புகைத்த சகாக்களும், கைக்கெட்டும் தூரத்தில் மருந்தும் இருந்த இடத்தை விட்டு அவர்கள் வந்துவிட்டார்கள். ஊரில் வேலை இருந்தது. தாய் தந்தையர் இருந்தனர். வேறொரு வாழ்க்கை இருந்தது.

நம் தோழரின் கதை இதற்கு நேர் தலைகீழானது. அவரைக் குடும்பத்தார் கெஞ்சிக் கூத்தாடிச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். சில வாரங்கள் நன்றாக இருக்கிறார். பிறகு எங்கே திரும்புகிறார்? அதே லயத்துக்கு, அதே சம்பள நாளுக்கு, கடனுக்குச் சம்சு கொடுக்கும் அதே கடைக்கு, "என்ன மச்சான், பெரிய மனுஷனாயிட்டியா?" என்று கேலி பேசும் அதே கூட்டத்துக்கு. அவர் மறுபடி விழுந்ததும், "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்கிறோம். சிப்பாய் போர்க்களத்தை விட்டு வந்து பிழைத்தான். நம் ஆளை நாம் போர்க்களத்துக்கே திருப்பி அனுப்புகிறோம்.

இரத்தத்தில் ஊறிய குணம் என்று பேசுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வோம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். அவர்களில் வெளிநாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் பலர். மொழி வேறு, மதம் வேறு, நாடு வேறு. ஆனால் வீட்டை விட்டு வந்த தனிமையும், கொட்டகை வாழ்வும், வேலை முடிந்தபின் போக்கிடமில்லாத மாலையும் நம் பாட்டன்மார் கப்பலிலிருந்து இறங்கிய நாளில் எப்படியிருந்தனவோ அப்படியே இருக்கின்றன.

"அப்படியானால் குடிகாரனுக்குப் பொறுப்பே இல்லையா? மனைவியை அடிப்பதற்கும் லயந்தான் காரணமா?" என்று கேட்கலாம். அடிப்பவன் கையை லயம் பிடித்துத் தூக்கவில்லை. அதற்கு மன்னிப்பு கிடையாது. அத்தகைய வீட்டுப் பெண் போலீசுக்குப் போனால் சங்கம் அவள் பக்கம் நிற்க வேண்டும், உறுப்பினன் என்பதற்காக அவன் பக்கம் அல்ல. பொறுப்பு அவனுடையது என்பதும், அவன் நிற்கும் தரை வழுக்குகிறது என்பதும் இரண்டும் உண்மையே. வழுக்கும் தரையைச் சீர்செய்வது தனி ஒருவனால் ஆகிற காரியமன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பல ஆண்டுகள் நாள்தோறும் அளவின்றிக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. நிறுத்த விரும்புகிறவரைக் கயிற்றுக் கட்டிலில் கட்டிப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளை வளர்ப்பிலும் இதே கதைதான். தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை போதாது என்று படித்தவர்கள் சொல்வது வழக்கம். விடியுமுன் தாயும் தகப்பனும் வெட்டுக்குப் போய்விட்டால், பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? ஆயாக்கொட்டகை சரியில்லாத இடத்தில் மூத்த பெண் படிப்பை நிறுத்தித் தம்பி தங்கையரைப் பார்க்கிறாள். அந்தத் தாய்க்கு மகள் மீது அன்பில்லை என்று யார் சொல்வது? அவளுக்கு முன் வேறு வழி வைக்கப்படவில்லை. கிராணிமார் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தனி வீடும், மாதச் சம்பளமும், காலையில் வீட்டிலிருக்கும் தாயும் அதற்கு எவ்வளவு துணை செய்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணமுடை மனிதனின் சிந்தனையையே சுருக்கிவிடுகிறது என்பதைத் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் கண்டிருக்கிறார்கள். செந்தில் முல்லைநாதன் முதலிய அறிஞர்கள் 54 கிராமங்களில் 464 சிறு விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் சோதித்து, 2013-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கையில் காசில்லாத நாளில் புத்திக் கணக்குகளில் திணறிய அதே ஆள், அறுவடைப் பணம் வந்தபின் நன்றாகச் செய்தார். மழை நாளில் வெட்டு நின்று, கடைக் கடன் ஏறி, என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளையிடம் எரிந்து விழும் நம் வீட்டுக்காரர்களுக்கு இது புதுச் செய்தியன்று.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபின் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த நம் மக்களின் நிலை இன்னும் மோசம். தோட்டத்திலாவது ஒரு திடலும் கோவிலும், பிள்ளை வழி தவறினால் கண்டிக்க ஒரு பெரியப்பாவும் இருந்தார்கள். அடுக்குமாடியில் படிக்கட்டுத்தான் திடல். அங்கே நிற்கும் கூட்டந்தான் பெரியப்பா.

இதற்கு வழியில்லையா என்றால், ஐஸ்லாந்து என்ற குளிர்நாடு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 1998-ஆம் ஆண்டில் அந்நாட்டின் 15, 16 வயதுப் பிள்ளைகளில், முந்திய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். 2016-ஆம் ஆண்டில் அது 5 பேராகக் குறைந்தது. பிள்ளைகளை உட்கார வைத்துப் பிரசங்கம் செய்து இதைச் சாதிக்கவில்லை. பந்தாட்டம், சங்கீதம், நடனம் ஆகியவற்றுக்கு அரசாங்கமும் நகரசபையும் பணம் கொடுத்தன. குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் இரவு 10 மணிக்கு மேல் தனியே வெளியில் திரியக்கூடாதென்று சட்டம் வந்தது. பெற்றோர் பள்ளிவாரியாகக் கூடி, எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் மது வாங்கித் தரமாட்டோம், இரவில் வெளியே விடமாட்டோம் என்று ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள்.

இந்தக் கையெழுத்து விஷயம் நம் மனத்தைக் கவர்ந்தது. ஒரு தாய் மட்டும் மகனைப் பார்த்து, "பத்து மணிக்குள் வீட்டுக்கு வா" என்றால், "மற்றவனெல்லாம் நிற்கிறானே" என்பான். அவள் தோற்றுப் போவாள். லயத்துத் தாய்மார் அனைவரும் ஒரே பேச்சாகச் சொன்னால், மற்றவன் யாரும் அங்கே நிற்கமாட்டான். தனியே போய்க் கூலி கேட்டவனைத் துரை விரட்டியதும், சேர்ந்து கேட்டபோது உட்கார வைத்துப் பேசியதும் நமக்குத் தெரியாததா? பிள்ளை வளர்ப்பிலும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அதற்கு நிர்வாகத்தின் சம்மதம்கூட வேண்டியதில்லை.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக் காப்பகத்தையும் சமூக வசதிகளையும் முதலாளியின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. ஆயாக்கொட்டகையின் கூரை ஒழுகினால் அதைச் சலுகையாகக் கெஞ்சிக் கேட்க வேண்டாம். சட்டத்தைச் சொல்லிக் கேட்கலாம். திடலில் புல் வெட்டுவதும், மாலையில் மண்டபத்தின் பூட்டைத் திறந்து வைப்பதும் கம்பெனியைத் திவாலாக்கும் செலவுகள் அல்ல.

ஆகவே கிளைச் செயலாளர்கள் ஒரு வேலை செய்ய வேண்டுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு சம்பள நாளன்று, பிற்பகல் 3 மணியிலிருந்து இரவு 8 மணிவரை உங்கள் தோட்டத்தையோ குடியிருப்பையோ சுற்றிப் பாருங்கள். ஆண்கள் உட்காரும் இடங்கள் எத்தனை, அவற்றில் புட்டி இல்லாத இடம் எத்தனை என்று எண்ணுங்கள். ஆயாக்கொட்டகை எத்தனை மணிக்குத் திறக்கிறது, பெரட்டு எத்தனை மணிக்கு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். குடியை நிறுத்திவிட்டுத் திரும்பியவர் யாரேனும் உங்கள் லயத்தில் இருந்தால், மாலையில் அவர் யாருடன் இருக்கிறார் என்று பார்த்து, நீங்களே போய் அவரை ஒரு கோப்பிக்கு அழையுங்கள். கணக்கை நமக்கு அனுப்புங்கள். நிர்வாகத்துடன் பேச உட்காரும்போது அந்தத் தாள்களையும் மேசைமேல் வைப்போம்.