கல்லில் கேட்டதும் காகிதத்தில் கேட்பதும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

கல்வியின் பயன் அறிவு என்பர் ஆசிரியப் பெருமக்கள். கல்வியின் பயன் வேலை என்பர் பெற்றோர். இரண்டும் உண்மையே. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தாள் கிடக்கிறது. அந்தத் தாளை எழுதத் தெரியாமல் நம்மில் பலர் மூன்றாண்டுப் படிப்பையும் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டுத் திரும்புகிறோம். பயோடேட்டா என்றும், ரெஸ்யூமே என்றும், தன்விவரக் குறிப்பு என்றும் பல பெயரால் வழங்கும் அந்தத் தாளைப் பற்றியும், அதனோடு செல்லும் கடிதத்தைப் பற்றியும் என் கருத்துகளை மாணவ நண்பர்கள்முன் வைக்க விழைகிறேன்.

“இதில் எழுத என்ன இருக்கிறது? கணினி மையத்தில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் அடித்துத் தந்துவிடுவார்களே!” என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஐந்து நிமிடம்தான் என் கவலை.

கல்லில் ஒரு தகுதிப் பட்டியல்

பணிக்கு இன்ன தகுதி வேண்டும் என்று எழுதி வைக்கும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. முதலாவது கி.பி. 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டாவது 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தெரிந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன.

என்ன தகுதி கேட்டார்கள்? கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வயது, முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டாண்டு கழித்து அதையே 35 முதல் 70 என்று திருத்திக்கொண்டார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் ஆகார். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரும் ஆகார். முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். பின்னர் உரக்கப் படிக்க வேண்டும்.

விரித்த கையில் வாங்கச் சொன்ன அந்த நேர்மையை நான் வணங்குகிறேன். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இது பிராமணர் சபையின் முறை. என் தந்தை பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். என் தாய் நடவுக்குச் செல்பவர். எங்களைப் போன்றோரின் பெயர் அந்தக் குடத்திற்குள் ஒருநாளும் விழுந்திராது. நிலமும் மனையும் வேதமும் கேட்கும் பட்டியலில் எங்கள் முன்னோர் எதைக் காட்டியிருப்பார்கள்?

அந்தக் கல்வெட்டு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. ஒன்று, “நீ யாருடைய பிள்ளை, உனக்கு என்ன உண்டு?” மற்றொன்று, “நீ என்ன செய்தாய், செய்ததற்குக் கணக்கு உண்டா?” முதற் கேள்வி நம்மை வெளியே நிறுத்தியது. இரண்டாவது கேள்விக்கு நம்மால் விடை சொல்ல முடியும். இன்றைய தன்விவரக் குறிப்பு இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறது. நாமோ இன்னும் முதற் கேள்விக்கே விடை எழுதிக்கொண்டிருக்கிறோம்!

படிவம் வேறு, தாள் வேறு

இதற்குக் காரணம் உண்டு. நம் வாழ்க்கை முழுவதும் படிவங்களாகவே கழிந்திருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகை, முதல் பட்டதாரிச் சான்று எதுவாயினும் படிவந்தான். தந்தை பெயர், தந்தை தொழில், மதம், இனம், ஆண்டு வருமானம் என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள்; நாம் நிரப்புவோம். தேர்வாணையத்துக்கும் அப்படித்தான். கேள்வியை அவர்களே கேட்டுவிடுகிறார்கள்.

தனியார் நிறுவனமோ வெறுந்தாளைக் கேட்கிறது. கேள்வியும் நம்முடையது, விடையும் நம்முடையது. “நீ என்ன செய்ய வல்லாய்?” என்று இதுவரை எந்தப் படிவமும் நம்மைக் கேட்டதில்லை. ஆகவே வெறுந்தாளைக் கண்டதும் கை பழகிய கட்டங்களையே போடுகிறது. தந்தை பெயர், மதம், சாதி, திருமணம் ஆகவில்லை என்று பாதிப் பக்கம் நிரம்பிவிடுகிறது. நிறுவனத்துக்கு இவற்றுள் ஒன்றும் இப்போது தேவையில்லை. சிலர் ஆதார் எண்ணையும் எழுதி ஊர் பேர் தெரியாத முகவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அது வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

ஐந்து நிமிடத்துப் பயோடேட்டா

கணினி மையத்தில் நடப்பது என்ன? முன்னால் வந்தவருடைய கோப்பைத் திறந்து, பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றி, அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். “சவால் மிக்க சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே என் குறிக்கோள்” என்ற ஒரே வாக்கியம் வேதியியல் மாணவனுக்கும் உண்டு, வணிகவியல் மாணவிக்கும் உண்டு. கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர் என்ற மூன்று பட்டங்களும் எல்லார்க்கும் பொது. நூறு தாளில் நூறு பெயர். ஆனால் ஆள் ஒருவரே! கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டாலும் இன்று இதையே இன்னும் பளபளப்பாக எழுதித் தருகிறது. நாம் செய்ததை நாம் சொல்லாதவரை அதற்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆகவே என் கருத்து இது: முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் பொருள் தெரியாத பெருஞ்சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். தாய்மொழியில் “நான் தலைமைப் பண்பு மிக்கவன்” என்று எழுதினால் நமக்கே சிரிப்பு வரும். சிரிப்பு வராத வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை எளிய ஆங்கிலத்தில் பெயர்த்து, ஆங்கில ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். அதுவே போதும்.

ஆய்வேடு கற்றுத்தரும் பாடம்

அறிவியல் மாணவர்களுக்கு இது புதிய கலையும் அன்று. ஆய்வுக்கூடத்தில் நாம் ஆய்வேடு எழுதுகிறோம். நோக்கம், செய்முறை, காட்சிப் பதிவு, முடிவு என்பது அதன் வரிசை. காட்சிப் பதிவு இல்லாமல் முடிவை மட்டும் எழுதினால் ஆசிரியர் கையெழுத்திடுவாரா? “நான் பொறுமை மிக்கவன்” என்பது வெறும் முடிவு. “பியூரெட்டில் 0.1 மி.லி. வரை அளவெடுத்து, ஒத்த இரண்டு அளவீடுகள் கிடைக்கும்வரை தரம் பார்த்துப் பழகியவன்” என்பது காட்சிப் பதிவு. மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர் எதை நம்புவார்?

“எனக்கு அனுபவம் ஒன்றுமில்லையே” என்று கலங்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். நான் விடுமுறை நாட்களில் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் காலை 6 மணிக்கு லாக்டோமீட்டர் அளவு பார்த்துப் பேரேட்டில் பதிகிறேன். என் வகுப்புத் தோழன் ஒருவன் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து மூட்டைக்குக் கணக்கு வைக்கிறான். தோழி ஒருத்தி தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறாள். நம்மில் பலர் ஊர் முதியோர்க்கு உதவித்தொகை மனு எழுதித் தருகிறோம். வங்கிச் சீட்டு நிரப்பித் தருகிறோம். ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதும் நாம், நமக்கென்று வரும்போது “அனுபவம்: இல்லை” என்று எழுதுவது என்ன நியாயம்? எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு என்று எண்ணிக்கையோடு எழுதினால் அதுவே அனுபவம். செய்யாததை ஒரு வரியும் எழுத வேண்டா. செய்ததை ஒரு வரியும் விட வேண்டா.

தாள் ஒன்றே போதும். தொடர்பு எண், மின்னஞ்சல், படிப்பு, செய்த வேலை, தெரிந்த கருவிகள், பேசும் மொழிகள் இவ்வளவே வேண்டுவன. பெரிய நிறுவனங்களில் நம் தாளை மனிதர் படிக்குமுன் கணினி மென்பொருள் படித்துப் பிரிக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பூ வேலைப்பாடும் கட்டங்களும் அதைக் குழப்பும். விளம்பரத்தில் கேட்ட திறமை நம்மிடம் மெய்யாகவே இருந்தால், அவர்கள் வழங்கிய சொல்லாலேயே அதைக் குறிப்பது நலம்.

மனு அன்று, கடிதம்

தன்விவரத்தோடு செல்லும் கடிதத்தைக் கவரிங் லெட்டர் என்கிறோம். பெயர் அப்படி இருப்பதாலோ என்னவோ, அதைக் கவரிங் நகை போலவே பலர் எழுதுகிறார்கள். மேலே முலாம், உள்ளே பித்தளை! வேறு சிலரோ அதை மனுவாக்கிவிடுகிறார்கள். “ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த எனக்குக் கருணை கூர்ந்து வேலை அளித்தால் என்றும் நன்றியுடையவனாக இருப்பேன்” என்று எழுதுகிறார்கள். வறுமை நம் குற்றமன்று. அதை மறைக்கவும் வேண்டா. ஆனால் அது தகுதியும் அன்று. வேலை என்பது அவர்கள் இடும் பிச்சையா? அவர்களுக்கு ஆள் வேண்டும். நமக்குப் பணி வேண்டும். இருவர் தேவையும் சந்திக்கும் இடமே அந்தக் கடிதம்.

1482 வாக்கில் லியோனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு எழுதியதாக ஒரு கடித வரைவு உள்ளது. உலகம் போற்றும் அந்த ஓவியர் அதில் ஓவியத்தைக் கடைசியில்தான் குறிப்பிடுகிறார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், சுரங்க வழி, பீரங்கி, கவச வண்டி என்று போர்க்கருவிகளையே வரிசைப்படுத்துகிறார். ஆள்வோனுக்கு அன்று வேண்டியது அதுவே! தனக்குப் பிடித்ததையன்றிப் படிப்பவருக்கு வேண்டியதை முன்னே வைப்பது கடிதத்தின் இலக்கணம். மூன்று பத்தி போதும்: எந்தப் பணி, அதற்கு நான் செய்த எது பொருந்தும், எப்போது வந்து சந்திக்கலாம். நிறுவனத்தின் பெயரைப் பிழையின்றி எழுதுவது நான்காவது பத்திக்குச் சமம்.

சிபாரிசு உள்ள உலகில்

“எல்லாம் சிபாரிசுதான், காகிதம் என்ன செய்யும்?” என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. சென்னையில் விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஓர் ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. தாழ்த்தப்பட்ட சாதியை உணர்த்தும் பெயருடையவர், உயர்சாதிப் பெயருடையவர் பெறும் அதே எண்ணிக்கை அழைப்பைப் பெறச் சராசரியாக 20 விழுக்காடு கூடுதல் விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று அது கண்டது. தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. அமெரிக்காவில் 2004-இல் வெளிவந்த ஆய்வும் கறுப்பர் பெயர்களுக்கு இதே கதையைச் சொன்னது. நம் செங்கற்பட்டிலேதான் 1929-இல் சுயமரியாதை மாநாடு கூடிப் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் செய்தது. இன்று நாம் முதலெழுத்தும் பெயரும் மட்டும் எழுதுகிறோமே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பேருடைய போராட்டம்! அதை மறந்து, சாதிக்கென்று தனிக் கட்டம் நாமே போடலாமா?

காகிதம் எல்லா அநீதியையும் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. சிபாரிசு உள்ளவனுக்குக் காகிதம் ஒரு சடங்கு. சிபாரிசு இல்லாதவனுக்கு அதுவே வழி. நமக்காகப் பேச ஒரு மாமா இல்லாதபோது, நம் தாளாவது தெளிவாகப் பேச வேண்டாமா?

அதையும் ஒருமுறை எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. பெரிய ஆலை, நல்ல வேலை என்று நம்பியிருந்தவர்கள் மீண்டும் தாளெடுக்க வேண்டியதாயிற்று. ஒரு வேலையில் சேர்ந்து அதிலேயே ஓய்வு பெறும் காலம் தனியார் துறையில் இல்லை. எழுதக் கற்றவர் எத்தனை முறையும் எழுதிக்கொள்வார்.

ஒரு வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். இறுதியாண்டின் இறுதி மாதத்தில் வேலைவாய்ப்பு முகாமுக்கு முதல்நாள் மட்டும் இதைச் சொல்லித் தந்தால் போதாது. இரண்டாம் ஆண்டிலேயே வாரம் ஒரு மணி ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரும் தாம் செய்ததைக் கணக்கோடு எழுதப் பழக்க வேண்டும். எங்களை அறிந்தவர் யார் என்று நிறுவனம் கேட்கும்போது நாங்கள் எழுதக்கூடிய பெயர் தங்களுடையது ஒன்றே. எங்கள் வீட்டில் அந்த வரிக்கு வேறு ஆள் இல்லை.

நண்பர்களே! நிலமும் மனையும் கேட்ட கல்லின் காலம் போயிற்று. இன்று வெறுந்தாள் ஒன்று நம்முன் கிடக்கிறது. அதில் பிறரைப் படியெடுத்து எழுதினால், நம் பெயரை நாமே குடத்திற்கு வெளியே எறிந்தவர்களாவோம். கணக்குக் காட்டாதவன் ஆகான் என்று நம் ஊர்க் கல்வெட்டு சொல்லிற்று. நம்மிடம் கணக்கு இருக்கிறது, அதை எழுதுவோம்.