துளி எங்கே விழுகிறது?

வயலுக்கு மேலே ட்ரோன் பறந்து மருந்தடிப்பதை இன்று நாட்டின் பல நெற்செய்கைப் பகுதிகளில் காணலாம். முதுகில் தாங்கி சுமந்து, நச்சுப் புகாரில் நனைந்து நடந்த தொழிலாளிக்கு இது விடுதலை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஏக்கருக்கு நான்கைந்து லீற்றர் கலவையே போதும் என்று பெருமையாகச் சொல்லப்படும்போது கமக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைவது தண்ணீர்தான், மருந்தல்ல. ஆகவே கைத்தெளிகருவியின் துளியைவிட இத்துளி பல மடங்கு செறிவானது. அது எங்கே விழுகிறது?

இதை அறியப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. நீர் பட்டால் மஞ்சள் நிறம் நீலமாகும் கடதாசித் துண்டுகள் உள்ளன. பறக்கும் பாதைக்குக் குறுக்காக மீற்றருக்கு ஒன்றாகத் தடிகளில் செருகி, வெறும் தண்ணீரைத் தெளித்தால், நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். பூச்சிநாசினிக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 20 முதல் 30 துளிகள் என்பது பொதுவான கணக்கு. (பனி ஈரமும் வியர்த்த விரலும் கடதாசியை நீலமாக்கிவிடும், இளைஞர் மன்றங்களை இதில் ஈடுபடுத்துவோர் கவனிக்க.)

பளையில் சிக்கல் இன்னும் கூடுதலானது. இங்கு தென்னையே பிரதானம். அதை வாட்டும் வெண் ஈ ஓலையின் அடிப்புறத்தில் குடியிருக்கிறது. மேலிருந்து விழும் துளி மேற்புறத்தை மட்டும் நனைத்துவிட்டுப் போனால் காசும் மருந்தும் வீண். ஓலையின் கீழ்ப்பக்கத்திலும் கடதாசியைக் கட்டிப் பார்க்காமல் எவருக்கும் பணம் கொடுக்கக் கூடாதென்பது எமது கருத்து. அடுத்தது காற்று. புலோப்பளையில் காற்றாலைகளை நட்டவர்கள் காரணமின்றி நடவில்லை. 100 மைக்ரோனுக்குக் குறைந்த, மயிரிழை பருமனான துளிகள் காற்றோடு எளிதில் போய்விடும். எனவே காணி எல்லைக்கு வெளியே, கிணற்றுக் கட்டிலும் அயல்வீட்டு உடுப்புக் கொடியிலும் கடதாசி வைக்கப்பட வேண்டும்.

கேரளத்தின் காசர்கோட்டில் மரமுந்திரிகைத் தோட்டங்களுக்கு 1970களின் பிற்பகுதி தொடக்கம் 2000 வரை ஹெலிகொப்டரில் என்டோசல்பான் தெளித்தார்கள். அது எங்கெல்லாம் விழுந்தது என்ற கேள்வியை, நோயுற்ற பிள்ளைகளோடு தாய்மாரே தெருவுக்கு வந்து கேட்க வேண்டியதாயிற்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' மடலின் 186ஆம் பந்தி, பாரதூரமான தீங்கு நேரக்கூடிய இடத்தில் நிரூபிக்கும் பொறுப்பை மாற்றி வைக்கிறது: தீங்கில்லை என்று காட்ட வேண்டியவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே.

ஆனால் அளப்பதை அவரிடமே விட்டுவிட முடியாது. தடி நடுவதும் துளி எண்ணுவதும் கமக்காரர் அமைப்பின் வேலையாக இருக்கட்டும். எந்தக் காற்றுக்கு மேல் பறப்பதில்லை என்பதை ஒப்பந்தத்தில் எழுதட்டும். திகதியிட்ட கடதாசிகள், அயலவர் வந்து கேட்கும்போது எடுத்துக் காட்டக்கூடியதாக, அமைப்பின் அலுமாரியிலேயே இருக்கட்டும்.