"தேவையா, ஆசையா?" என்று கேட்க நீங்கள் யார்?

காட்டாங்குளத்தூரில் சமீபத்தில் ஒரு 'நிதி மேலாண்மைப் பயிற்சி'க்குப் போயிருந்தேன். வந்திருந்தவர்கள் விடுதிகளிலும் ஆபீஸ்களிலும் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பெரும்பாலும் நம் சேரிப் பெண்கள். பயிற்சி கொடுக்க வந்த தம்பி பலகையில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்று 'தேவை', இன்னொன்று 'ஆசை'. அரிசி தேவை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆசை. மகளுக்கு வாங்கிய போனும் ஆசை. கடைசியில் ஓர் அக்கா எழுந்தார். "எங்க சம்பளத்த எந்தக் கட்டத்துல சார் எழுதுவீங்க?" அவரிடம் பதில் இல்லை.

தோழர்களே, உழைப்பவர் மேல் இரண்டு முத்திரை குத்துகிறார்கள். சம்பளம் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று, கொடுத்த பின்னால் ஒன்று.

முதல் முத்திரை 'திறன் பெறாதவர்'. குறைந்தபட்ச ஊதிய ஆணைகளில் துப்புரவு வேலையைப் பெரும்பாலும் இந்த அடித்தட்டில்தான் வைக்கிறார்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் கலந்தால் விஷவாயு கிளம்பும் என்று தெரிந்து, காற்றோட்டமில்லாத கழிவறையில் தினமும் வேலை செய்வது திறன் இல்லையாம். இங்கே வேலைக்கு விலை வைப்பதில்லை, யார் செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். சாதி வெறும் வேலைப் பிரிவினை என்ற சமாதானத்தை அம்பேத்கர் 1936-லேயே உடைத்தார். அது உழைப்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்றார்.

பெயரை மாற்றினால் போதுமா? 2020-ல் 'துப்புரவுப் பணியாளர்' 'தூய்மைப் பணியாளர்' ஆனார். 2025 ஆகஸ்டில் அதே தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் வேலை செய்தவர்கள். பல வருடம் குப்பை அள்ளியும் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் சுய உதவிக்குழு வழியாக வந்தவர்கள் என்ற கணக்கில்தான் அவர்களை வைத்திருந்தார்கள். மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்கள் ஒப்பந்த நிறுவனத்தில் சுமார் 16,000-க்குப் போக வேண்டிய நிலை. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் கைது செய்தார்கள். மறுநாள் இலவச காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தார்கள். கேட்டது பணி நிரந்தரம், கிடைத்தது டிபன்.

இரண்டாவது முத்திரை 'ஊதாரி'. "எவ்வளவு கொடுத்தாலும் குடிச்சே அழிச்சிடுவாங்க" என்பதைப் படித்தவர்களும் சொல்கிறார்கள். 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். வருட வருமானம் 40,000 கோடிக்கு மேல். இதை நம் தெரு மட்டுமா குடித்துக் கொடுத்தது? குடியால் நம் வீட்டுப் பெண்கள் படும் பாட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் அதைக் காட்டிக் கூலியைக் குறைப்பவனுக்கு அந்தப் பெண்கள் மேல் எந்த அக்கறையும் கிடையாது. குறைந்த கூலி முதலில் அடிப்பது அவர்கள் அடுப்பைத்தான்.

வருமானம் குறையக் குறைய, செலவில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எங்கல் 1857-லேயே காட்டினார். அரிசிக்கும் பருப்புக்கும் வாடகைக்கும் போனபின் எந்தச் செலவைச் சுருக்குவது? ஜி.எஸ்.டி. சாலையில் ஒரே கடையில் ஐ.டி. ஊழியர் வாங்கும் பிரியாணி 'வீக்எண்ட்', விடுதியைக் கூட்டும் அக்கா வாங்கினால் 'வீண்செலவு'. அந்தப் போன் இல்லாமல் இன்று எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியும்?

சமூகவியல், சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். களஆய்வுப் படிவத்தோடு நம் தெருவுக்கு வருகிறீர்கள். அதில் 'குடிப்பழக்கம் உண்டா?' என்று இருக்கிறது. 'சம்பளச் சீட்டு தருகிறார்களா? பி.எஃப். கட்டுகிறார்களா? ஒப்பந்ததாரர் எவ்வளவு பிடிக்கிறார்?' என்ற கேள்விகள் இல்லை. நானும் எம்.ஏ. படிக்கும்போது அப்படி ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள்தான். அடுத்த முறை இந்த மூன்றையும் முதலில் சேருங்கள். அதே படிவத்தோடு ஒப்பந்ததாரர் வீட்டுக்கும் போய் 'தேவையா, ஆசையா' என்று கேளுங்கள்.