கிதாபைக் கடலில விட முதல்

“அச்சுப்பிழை இருக்கா? வெளியில சொல்லாத, கடலில விட்டுரு.” எங்கட ஊரில பழைய கிதாபுகளுக்கு இதுதான் தீர்ப்பு. நாங்க இதை ஏற்கமாட்டோம்.

குர்ஆன் பிரதி பிழையா அச்சானா புழக்கத்திலிருந்து எடுக்கத்தான் வேணும், அதில தகராறில்ல. 1537-38ல வெனிஸில பகனீனி அச்சகம் போட்ட குர்ஆனில, புள்ளியில்லாத தாலும் புள்ளி வச்ச தாலும் குழம்பிக் கிடந்தது. 1924 கெய்ரோ அரச பதிப்பு வந்ததுக்கும் ஒரு காரணம், பாடசாலைகளில பாவிச்ச வெளிநாட்டுப் பிரதிகளின் பிழைகள்தான். ஆனா எந்த அச்சுக்காரன் பிழைவிட்டாலும் குர்ஆனுக்கு ஒண்டும் ஆகல்ல. ஏன்? ஹாபிழ்மாரின் நெஞ்சில அது இருக்கு.

சீறாப்புராணத்துக்கு ஹாபிழ் இருக்காரா?

ஐயாயிரத்துக்கு மேல பாட்டு. ஏட்டில கிடந்ததை 1842லதான் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் முதன்முதலா அச்சாக்கினார். ஏட்டில மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்ல. எகரமா ஏகாரமா, தெரியாது. காலும் ரகரமும் ஒரே கோடு. ஒவ்வொரு சொல்லிலயும் ஒரு முடிவு எடுத்துத்தான் அச்சுக் கோர்த்திருக்கணும். அரபுத்தமிழ் இன்னும் மோசம்: தமிழ் ஓசைக்காக மேலதிகமா வச்ச புள்ளியில ஒண்டு கல்லச்சில பதியாமப் போனாலே எழுத்து மாறிரும். இதுகளில எது ஆசிரியர் எழுதினது, எது அச்சில வந்த பிழை? பழைய பதிப்புகளை ஒப்பிட்டாத்தான் தெரியும். அதைத்தான் கடலுக்கு அனுப்புறம்.

எங்களில ஒருத்தரின் மூத்தம்மாட பெட்டிக்குள்ள ஒரு மாலைக் கிதாபு கிடந்திச்சு. கடைசிப் பக்கத்தில ‘பிழைதிருத்தம்’ எண்டு நீளமான பட்டியல். அதே கிதாபின் புது மறுபதிப்பைக் காசு குடுத்து வாங்கினோம். பிழையெல்லாம் அப்படியே இருக்கு, பட்டியலை மட்டும் காணல்ல! எந்தப் பதிப்பைப் பார்த்து அடிச்சது, எந்த வருஷம், ஒரு வரி கிடையாது. ஆனா பின்னட்டையில பதிப்பாளரின் படம் பெரிசா இருக்கு.

பிழையைச் சொன்னா மார்க்கத்துக்கு அவமானமாம். அண்டைக்கு ஆலிம்கள் தங்கட கிதாபிலேயே தங்கட பிழையை அச்சடிச்சு வித்தாங்க. அவங்களுக்கு வராத அவமானம் இவங்களுக்கு எங்கால வருது?

2004 சுனாமி மருதமுனையிலயும் சாய்ந்தமருதிலயும் எத்தனை வீட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோச்சு. மிச்சமிருக்கிறதை நாமளே கொண்டுபோய்க் கடலுக்குக் குடுக்கிறது என்ன நியாயம்? விடத்தான் வேணுமெண்டா விடுங்க. அதுக்கு முதல் போனை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடிங்க. முகப்புப் பக்கமும் பிழைதிருத்தப் பக்கமும் முதல்ல.